பசை போட்ட நண்டு

ஜோதியம்மாளுக்கு ஓரிகாமி, அதாவது காகித மடிப்பு, தெரியாது என்று சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம்.

என் பெயர் மதிவதனி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற காகித மடிப்பு வட்டத்துக்குச் செயலாளரும் நான்தான். செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மின்விசிறியைப் போடுவது, மழை வந்தால் சன்னலைச் சாத்துவது, கண்காட்சி வந்தால் அட்டைகளில் பெயர் எழுதுவது, இவ்வளவுதான் என் அதிகாரம்.

வட்டத்தை ஆரம்பித்தவர் பரசுராமன் சார். சென்னையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, காலையில் கண் விழித்ததும் மலை தெரிய வேண்டும் என்று இங்கே வீடு பார்த்துக் குடிவந்தவர். நல்ல மனிதர், ஒரு விஷயத்தைத் தவிர. ஒரே சதுரக் காகிதம், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வேறு எதையும் சேர்க்கக் கூடாது. இந்த நாலு விதியையும் என் கையாலேயே எழுத வைத்து மாடிச் சுவரில் மாட்டியிருந்தார். யாராவது ஒரு கொக்குக்குக் கண் வரைந்துவிட்டால் போதும், வீட்டுக்குள் செருப்போடு வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

இனி ஜோதியம்மாள். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கல்யாணம் ஆகித் திருவண்ணாமலைக்கு வந்து, வந்த ஆறாவது மாதமே தேரடி வீதிக்குப் பின்னால் சந்தில் இருக்கும் ஃபைஸ் பாயின் பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பது வருடமாக அதே கடை, அதே சன்னலோர இடம். அச்சகத்தில் இருந்து வருகிற பெரிய தாளில் பதினாறு பக்கம் இருக்கும். அதைப் பக்க வரிசை பிசகாமல் மூன்று தடவை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். ஜோதியம்மாள் கையில் ஒரு மூங்கில் பட்டையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு நாத்தனார் கதை பேசிக்கொண்டே நாள் முழுக்கப் பாரம் மடிப்பார். கதையில் திருப்பம் வந்தாலும் மடிப்பில் மயிரிழை விலகாது. இந்த ஊர்ப் பிள்ளைகள் படித்த நோட்டில் பாதி அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்குத்தான் மடிக்கத் தெரியாது என்று நாங்கள் தீர்ப்பு சொன்னோம்.

அவரை வட்டத்துக்கு அழைத்து வந்ததே பரசுராமன் சார்தான். தன் வரைபடங்களைக் கட்டுப் போட பைண்டிங் கடைக்குப் போனவர், அந்தக் கை ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். அடுத்த ஞாயிறு ஜோதியம்மாள் மாடி ஏறி வந்தார். கொக்கு, தவளை, பூ என்று எல்லாரும் ஒரு வருடம் மென்று விழுங்குவதை ஒரு மாதத்தில் முடித்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இதெல்லாம் சும்மா. நண்டு மடிக்கலாமா?"

"நண்டா?"

"வயல் நண்டு. எங்க ஊர்ல நாத்து நட எறங்கினா காலைப் புடிச்சிக்கும். எட்டு காலு, ரெண்டு கொடுக்கு. ஒரே தாள்ல வருமான்னு பாக்கணும்."

ஒரு சதுரத்தில் இருந்து பத்து மெல்லிய கால்களை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மடிப்பவர்களுக்குத் தெரியும். காகிதம் ஒரே இடத்தில் முப்பது நாற்பது மடிப்பு வாங்கும். கொஞ்சம் தடித்த தாள் என்றால் மடங்காது, மெலிந்த தாள் என்றால் கிழியும். ஜோதியம்மாள் நாலு தாள்களைக் கிழித்தார். நாலாவது ஏறக்குறைய முடிந்து, கடைசிக் காலில் பிளந்துகொண்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கு அந்த நினைப்பே இல்லை. கோபம்தான் இருந்தது. "காகிதத்துக்குத் தெம்பு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மூன்று வாரம் ஆளைக் காணோம். நாலாவது வாரம் ஒரு புடவைப் பெட்டிக்குள் நண்டோடு வந்தார்.

எப்படிச் சொல்வது! உள்ளங்கை அகலத்துக்கு, சேற்று நிறத்தில், ஒரு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, எட்டுக் காலும் தரையில் பாவி நின்றது. கால் நுனிகள் ஊசி போல இருந்தன. நான் மேசையைத் தட்டிப் பார்த்தேன், நண்டு துள்ளியதே தவிரச் சாயவில்லை. அந்த வாரம்தான் வருடாந்திரக் கண்காட்சிக்கு மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரம். இதைத் தவிர வேறு எதை நடுவில் வைப்பது என்று நான் அட்டைக்கே பேனாவைத் திறந்துவிட்டேன்.

பரசுராமன் சார் நண்டைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மடிப்பைத் தொடுவதற்கு முன் ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வார். ஒரு காலைத் தடவினார், விரலை நாக்குக்குக் கொண்டு போனார்.

"சார், சார்! நாக்குல வெக்காதீங்க! துத்தம் கலந்திருக்குது!"

ஜோதியம்மாள் பாய்ந்து அவர் மணிக்கட்டையே பிடித்துவிட்டார்.

"என்ன துத்தம்?"

"மயில்துத்தம் சார். பசையில போட்டிருக்கேன். வெஷம்."

பைண்டிங் கடைகளில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சுகிற பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார்கள். பூச்சி அரிக்காது, எலி வாய் வைக்காது. அங்கே சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள், பசைபட்ட எதையும் வாயருகே கொண்டுபோகாதே என்று. ஜோதியம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நண்டு நடு மேசைக்குப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துத்தத்தைத் தொட்ட விரல் நாக்குக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தத் தொழில்காரர் யாராலும் முடியாது.

"பசையா?" என்றார் சார்.

"மைதா பசைதான் சார். மேல ஒரு மெல்லிசு தாளு, கீழ ஒரு மெல்லிசு தாளு, நடுவுல மல் துணி. நோட்டு முதுகுக்கு ஒட்டுவோமே, கொசுவலை மாதிரி, அது. மூணையும் ஒண்ணா ஒட்டிக் காயவெச்சி, அப்புறம்தான் மடிச்சேன். இல்லன்னா காலு நிக்கமாட்டேங்குது." என்ன குழம்பு என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

சார் நண்டை மேசையில் வைத்தார்.

"ஜோதியம்மா, விதி சுவர்லயே இருக்கு. எதையும் சேர்க்கக் கூடாது. துணியும் பசையும் இருந்தா எதை வேணும்னாலும் நிக்க வெச்சிடலாம். காகிதம் மட்டுமே தாங்கணும்கிறதுலதானே சவாலே இருக்கு? இன்னிக்குத் துணியை விட்டா நாளைக்குக் கம்பி வரும், அதுக்கடுத்து பெயிண்ட் வரும். எங்கேதான் கோடு போடுறது, சொல்லுங்க?"

அவர் சொன்னது அர்த்தமில்லாத பேச்சு இல்லை. நானும் தலையாட்டினேன். ஜோதியம்மாள் எழில் பக்கம் திரும்பினார். எழில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன், வட்டத்தில் சாருக்கு அடுத்த விதிப் பிரியன், என்னோடு சேர்ந்து தலையாட்டியவன். அவன் முன்னால் பளபளவென்று ஒரு தாள் இருந்தது.

"எழிலு, இந்தத் தாளு எங்கேர்ந்து வந்துது?"

"ஆன்லைன்ல வரவெச்சதுக்கா. வெளிநாட்டுத் தாள்."

ஜோதியம்மாள் அதன் ஒரு மூலையை நகத்தால் கீறினார். முப்பது வருடம் தாள் பிரித்த நகம். மூலை மூன்று இதழாக விரிந்தது. "அக்கா!" என்று எழில் அலறினான்.

"மேல டிஷ்யூ, கீழ டிஷ்யூ, நடுவுல சிகரெட்டு டப்பாவுல வர்ற ஜிகினாத்தாளு. இது இன்னா மரத்துலயா காய்ச்சிது? எவனோ ஒட்டித்தானே அனுப்பியிருக்கான்?"

"அது அப்படியே காகிதமா வருது. மடிக்க ஆரம்பிச்ச பிறகு நாம எதையும் சேர்க்கலையே" என்றார் சார்.

"நானும் மடிக்க ஆரம்பிச்ச பொறவு ஒண்ணும் சேக்கல சார். காகிதத்தைத்தான் ஒட்டினேன், மடிப்பை ஒட்டல. ஃபேக்டரிக்காரன் ஒட்டினா காகிதம், பைண்டிங்காரி ஒட்டினா தப்பா?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "மடிப்பை ஒட்டலைன்னு நாங்க எப்படிம்மா நம்புறது? காலெல்லாம் இவ்ளோ கெட்டியா நிக்குதே?" என்று கேட்டேன்.

ஜோதியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. மறுபடியும் சாரிடம் திரும்பினார்.

"சரி சார். நீங்க மடிக்கிறப்போ வெரலை நாக்குல தொட்டுத் தொட்டு வெக்கிறீங்க இல்ல? அந்த எச்சிலு காகிதத்துல ஊறுது. அது சேத்தி இல்லியா?"

தாள் போன துக்கத்திலும் எழில் சிரித்துவிட்டான். பரசுராமன் சாரின் காது மடல் சிவந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒரு மனிதரின் எச்சிலைப் பற்றிக் கேட்டால் அவர் நியாயம் பார்ப்பாரா? தேர்ந்தெடுத்த மாதிரிகளைக் குறித்துக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"மதிவதனி, நண்டைக் கைவினை மேசையில, பாசிமணியெல்லாம் வைக்கிற இடத்துல வைங்க. நல்ல வேலைப்பாடு, நான் மறுக்கலை. ஆனா இது மடிப்பு இல்லை."

கண்காட்சிக்கு முதலில் சார் குறித்த தேதி பௌர்ணமி. அன்றைக்கு வேங்கிக்காலில் மண்டபம் எடுத்தால் கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி ஒரு ஆட்டோ கூட வராது என்று சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றினோம். அந்த இடைவெளியில் ஒருநாள் பள்ளி விட்டதும் நான் பைண்டிங் கடைக்குப் போனேன். சமாதானம் பண்ணப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோதியம்மாள் பாரம் மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கைவினை மேசையும் நல்ல மேசைதாம்மா. வாசல்கிட்டயே போடுறோம். வர்றவங்க கண்ணுல மொதல்ல அதான் படும்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"கண்ணுல படணும்னு நான் கேட்டேனா?" பட்டையால் தாளை ஒரு இழு இழுத்தார். "டீச்சர், இந்தப் புத்தகத்தைப் பாருங்க. எழுதினவரு பேரு போட்டிருக்குது. அச்சடிச்ச கடை பேரு போட்டிருக்குது. அட்டையில படம் வரைஞ்சவன் பேரு கூட உள்ளே இருக்குது. மடிச்சவ பேரு எங்கன்னா இருக்குதா? முப்பது வருஷமா மடிச்சிக்கினு இருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மடிப்புன்னு எழுதி அதுங்கிட்ட எம் பேரு இருக்கணும். அந்த மேசையிலதான் இருக்கணும். பாசிமணிகிட்ட வெக்கிறதுக்கு நான் நண்டு மடிக்கல."

உள்ளே தைத்துக்கொண்டிருந்த ஃபைஸ் பாய் எட்டிப் பார்த்தார். "ஏம்மா ஜோதி, எதுக்கு வம்பு? எந்த மேசையா இருந்தா இன்னா? நண்டு நண்டுதானே?"

"அப்படியா பாய்? அப்போ நாளைக்கி உங்க கடை போர்டுல எதிர்க்கடைக்காரர் பேரை எழுதிடட்டா? கடை கடைதானே?"

ஃபைஸ் பாய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கண்காட்சி நாள் வந்தது. மண்டபத்தின் நடுவில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, அதில் மடிப்புகள். வாசலருகே கைவினை மேசை, அதில் பாசிமணி மாலைகள், ஐஸ் குச்சி வீடு, ஓலைக் கிளி, அவற்றுக்கு நடுவே நண்டு. 'கைவினைப் பொருள், ஜோதியம்மாள்' என்று அட்டை எழுதி வைத்தவள் நான்தான். எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினேன். செயலாளர் அல்லவா!

பதினோரு மணிக்கு ஜோதியம்மாள் வந்தார். வாசலில் நின்று அட்டையைப் படித்தார். பிறகு நண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக நடு மேசைக்குப் போனார். எழிலின் டிராகனை இந்தப் பக்கம் தள்ளினார், சாரின் அன்னத்தை அந்தப் பக்கம் தள்ளினார். நடுவில் நண்டை வைத்தார்.

பரசுராமன் சார் வேகமாக வந்தார். "ஜோதியம்மா, இதைப் பேசி முடிச்சாச்சு."

"நீங்க பேசி முடிச்சீங்க சார். டீச்சர் ஒண்ணு கேட்டாங்க, மடிப்பை ஒட்டலைன்னு எப்படி நம்புறதுன்னு. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

சொல்லிக்கொண்டே நண்டின் முன்காலைப் பிடித்து இழுத்தார். கால் நீண்டு, அகன்று, தட்டையானது. அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அம்மா, வேணாம்மா!" என்று கத்திவிட்டேன். பத்தொன்பது நாள் மடித்த நண்டு அது. பிரித்த தாளை மறுபடி மடிக்கலாம், ஆனால் ஒரு தரம் திறந்த மடிப்புக்கு அந்தப் பழைய கூர்மை வராது. அது எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், எங்கள் எல்லாரையும் விட ஜோதியம்மாளுக்குத் தெரியும். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு காலாகப் பிரித்தார். மொடமொடவென்று சத்தம் வந்தது. பார்க்க வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். வெறும் காகிதமாக இருந்தால் முதல் காலிலேயே பீற்றலாகக் கிழிந்திருக்கும். உள்ளே இருந்த மல் துணி தாங்கிப் பிடித்தது. கொடுக்கு போனது, ஓடு போனது, கண் போனது. அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது, அதைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

கடைசியில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் மேசையில் கிடந்தது. உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"ஒரே தாளு. எங்க வெட்டியிருக்குது, எங்க மடிப்பை ஒட்டியிருக்குது, காட்டுங்க."

பரசுராமன் சார் குனிந்தார். நாலு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டு வந்தார். ஒரு பிசிறு இல்லை. தாள் முழுக்க நூல் பிடித்தது போலக் கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில். தாளைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். இல்லாத வெட்டை இருப்பதாகச் சொல்கிற மனிதர் அவர் இல்லை.

நான் வாசல் மேசைக்குப் போய், நான் எழுதிய அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தேன். புது அட்டை எடுத்தேன். 'மடிப்பு: ஜோதியம்மாள், பைண்டிங் தொழிலாளி' என்று எழுதி, நடு மேசைக்குக் கொண்டுபோனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"கீழ எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர். மெல்லிசு தாளு, மல் துணி, மைதா பசை, மயில்துத்தம். ஒண்ணையும் விடாதீங்க. எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல."

எழுதினேன்.

"விதி விதிதான்" என்றார் சார் மெதுவாக. "இதை வெச்சு நான் அதை மாத்தமாட்டேன்."

"மாத்தாதீங்க. உங்க செவுத்துல அது இருக்கட்டும். இந்த மேசையில இது இருக்கட்டும்."

"அக்கா, திரும்ப மடிச்சி வெச்சிடுங்க, நல்லா இருக்கும்" என்றான் எழில்.

"மாட்டேன். நேத்து வரைக்கும் காலைப் பாத்து சந்தேகப்பட்டீங்க இல்ல? இன்னைக்குக் கோட்டைப் பாருங்க."

நாள் முழுக்க அவர் அந்த மேசையை விட்டு நகரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அட்டையைப் படித்துவிட்டு, கசங்கின தாளைப் பார்த்துவிட்டு, மடிப்பு எங்கே என்று கேட்டார்கள். ஜோதியம்மாள் அலுக்காமல் விரல் வைத்துக் காட்டினார். இந்த மூலை கொடுக்கு, இது இன்னொரு கொடுக்கு, இந்த ஓரத்துல ரெண்டு காலு, நடுவுல இருக்குது பாருங்க, அது ஓடு. டிராகனைப் பார்க்க வந்த குழந்தைகள் கூட அந்தத் தாளைச் சுற்றித்தான் நின்றார்கள். காலைப் பார்த்ததை விட, கால் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தது. பரசுராமன் சார் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கோடு கோடாகப் பின்பற்றிக்கொண்டே போனார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஏழு கால் புடிச்சிட்டேன்" என்றார் நிமிராமலே. "எட்டாவது எங்கேம்மா?"

ஜோதியம்மாள் அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையில் இருந்து நின்ற காலை நீட்டிக்கொண்டார்.

"அதுலதான் இருக்குது. தேடுங்க சார்."